ஏதோ ஓடுது!

நம்ம ஊரில் யாரையாவது 'சௌக்கியமா?' என்று கேளுங்கள். 'ஏதோ ஓடுது' என்பார்கள். அந்த 'ஏதோ'வுக்குள் சர்க்கரை, சீட்டுப் பணம், மூத்த பெண்ணின் கல்யாணம் எல்லாம் அடக்கம். லினக்ஸ் கம்ப்யூட்டரும் அப்படியே பதில் சொல்லும்.

திண்டுக்கல் நாகல் நகரில் சேலைக்கு டிசைன் போடும் தம்பி ஒருவர். தறிச் சத்தத்துக்கு நடுவே அவரிடம் ஒரு பழைய லேப்டாப். 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் அக்கா மகளுக்கு வந்தது. அப்போது விண்டோஸோடு, சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. இப்போது அதில் டெபியன்.

"நல்லாத்தாண்ணே ஓடுது. ஒரு குறையும் இல்ல" என்றார்.

கறுப்புத் திரையைத் திறந்து 'சிஸ்டம்சிடிஎல் இஸ்-சிஸ்டம்-ரன்னிங்' என்று தட்டினேன். ஒரே வார்த்தையில் பதில் வரும். 'ரன்னிங்' என்றால் சுகம். 'ஸ்டார்ட்டிங்' என்றால் இன்னும் பல் தேய்க்கிறது. 'மெயின்டனன்ஸ்' என்றால் ஐ.சி.யூ. எங்களுக்கு வந்தது 'டிகிரேடட்'. அதாவது, ஓடுகிறேன், ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று படுத்துவிட்டது.

எது? 'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்' என்றால் பட்டியலே தரும். அதில் ஒரே ஒரு பெயர்: தினமும் ராத்திரி 11 மணிக்கு டிசைன்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுக்கும் வேலை. 'ஜர்னல்சிடிஎல் -யு' போட்டு, பக்கத்தில் அந்தப் பெயரைக் கொடுத்தேன். தை மாசத்திலிருந்து தினம் தினம் அதே புலம்பல்: 'அப்படி ஒரு டைரக்டரி இல்லை.'

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்து டிசைன். பார்டர், முந்தி, புட்டா எல்லாமே அந்த ஒரு கிழட்டு லேப்டாப்பில் மட்டும்!

இந்தக் கட்டளையை ரொம்பவும் நம்பிவிடாதீர்கள். டிஸ்க் கழுத்து வரை நிரம்பியிருந்தாலும், எந்த சர்வீஸும் விழாதவரை 'ரன்னிங்' என்றே சாதிக்கும். சில டாக்டர்கள் நாடி மட்டும் பார்ப்பது மாதிரி. ஆனாலும், கேட்டால்தானே சொல்லும்? இது 2010-ல் பிறந்த சிஸ்டம்டி-யின் வேலை. டெபியனில் 2015-ல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து அதுதான் வழக்கம்.

"டேய்!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் தம்பி. பொங்கல் லீவில் படம் பார்க்க மகன் கழற்றிக்கொண்டு போன டிஸ்க், டி.வி.க்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. மாட்டி, நகல் வேலையைக் கையாலேயே ஓடவிட்டோம். முடிந்ததும் மறுபடி கேட்டேன். 'ரன்னிங்.'

அன்று சாயங்காலமே மகனுக்குத் தனியாக ஒரு பென் டிரைவ் வாங்கப்பட்டது.