கொச்சி: பெயரே சாட்சி



பிழைப்பை நாடி நகரத்தில் குடியேறிய உங்களில் அநேகர், எர்ணாகுளத்திலிருந்து படகேறி போர்ட் கொச்சியைக் கண்டு வந்திருப்பீர்கள். அந்த ஊருக்குக் "கொச்சி" என்னும் பெயர் எப்படி உண்டாயிற்று என்று எப்போதாவது சிந்தித்ததுண்டா?

இதற்குப் பல விளக்கங்கள் வழங்கிவருகின்றன. கடற்கரையில் சீன வலைகளைக் காண்கிறவர்களிடம், "சீனாவைப் போன்ற ஊர் என்பதே கொச்சின் ஆயிற்று" என்பார்கள். கேட்க இனிமையான கதை. ஆனால் 15ஆம் நூற்றாண்டில் செங் ஹோவின் கப்பல்களில் வந்த சீனராகிய மா ஹுவான், இவ்வூரைக் "கோ-சி" என்றே எழுதிவைத்தார். அதில் "ன்" என்னும் ஓசையே இல்லை. சீனரும் தங்கள் தேசத்தைச் "சீனா" என்று அழைப்பதில்லை. "கொச்சின்" என்பது ஐரோப்பியர் நாவில் திரிந்த வடிவம். 1996ஆம் ஆண்டில்தான் கொச்சி என்னும் பெயர் அரசாங்க வழக்கில் திரும்ப வந்தது.

அதே 15ஆம் நூற்றாண்டில் வந்த இத்தாலியப் பயணி நிக்கோலோ கோன்டி, அங்குள்ள ஆற்றின் பெயரே பட்டணத்திற்கு வந்தது என்றார். வேறு சிலர் "கொச்சு அழி" என்னும் மலையாளச் சொற்களைக் காட்டுகிறார்கள். கொச்சு என்றால் சிறியது. அழி என்றால் நீர் கடலோடு கலக்கும் முகத்துவாரம். இவ்விரு விளக்கங்களும் தண்ணீரையே சுட்டுவதைக் கவனியுங்கள்.

ஊரின் சரித்திரமும் அதற்கு இசைந்திருக்கிறது. 1341இல் பெரியாற்றில் பெருவெள்ளம் உண்டாகி, கொடுங்கல்லூரின் பழைய துறைமுகம் மண்மூடிப்போக, கொச்சியில் புதிய வாய் திறந்தது என்பது வழிவழியாய்ச் சொல்லப்படும் செய்தி. வணிகரும் இங்கே வந்து சேர்ந்தார்கள். கொச்சங்காடியிலிருந்த யூத ஜெப ஆலயத்தின் கல்வெட்டு 1344-45ஆம் ஆண்டைக் குறிக்கிறது.

"போர்ட்" என்பதைத் துறைமுகம் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே அதன் பொருள் கோட்டை. 1503இல் போர்த்துகீசியர் கோட்டை கட்டி, தங்கள் அரசர் மனுவேலின் பெயரை இட்டார்கள். 1663இல் டச்சுக்காரரும் 1795இல் ஆங்கிலேயரும் அதைக் கைப்பற்றினார்கள். இன்று கோட்டை இல்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

சிறிய முகத்துவாரமும் இன்று சிறியதல்ல. பெருங்கப்பல்களைத் தடுத்துவந்த மணல்திட்டை, ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் 1920களில் வெட்டித் திறந்தார். தோண்டிய மண்ணால் வில்லிங்டன் தீவு எழுந்தது. "கொச்சு" என்றே பெயர் வந்திருக்குமானால், இன்று அந்தச் சிறுமை பெயரில் மாத்திரமே இருக்கிறது.

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவும் அப்படியே. 1948இல் இஸ்ரவேல் தேசம் உருவான பின்பு அங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் புறப்பட்டுப்போனார்கள். தெருவின் பெயரோ மாறவில்லை. 1568இல் கட்டப்பட்ட அவர்களுடைய ஜெப ஆலயத்திற்குப் "பரதேசி ஜெப ஆலயம்" என்று பெயர். வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள் கட்டினதால் அப்படி அழைக்கப்பட்டது. நம் தெருக்களில் வசைச்சொல்லாய் வழங்கும் வார்த்தை, அங்கே நானூறு ஆண்டுகளுக்கு மேலாக மதிப்போடு நிற்கிறது. நம்முடைய வேதாகமத்திலும் ஆபிரகாம் பரதேசியாகவே சஞ்சரித்தான் அல்லவா?

போர்ட் கொச்சியின் வெளி பகுதியில் தலைமுறைகளாய்த் துணி வெளுத்துவரும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. யூதர், தமிழர் என்று பலரும் வந்து சேர்ந்த இடம் அது. வந்தவர்களை ஏற்றுக்கொண்டே அந்த ஊர் பட்டணமாயிற்று.

அன்பான வாசகரே, காரணம் மறைந்த பின்பும் பெயர் சாட்சியாய் நிலைத்திருக்கும். ஆனால் அதன் பொருளை ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு நகரத்தின் பேருந்து நிறுத்தங்கள் யாவும் தெரியும். நீங்கள் பிறந்த கிராமத்திற்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று தெரியுமா? குளத்தாலா, மரத்தாலா, முன்னோர் ஒருவராலா? ஊரிலுள்ள பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டறிந்து, இன்றிரவு உணவு வேளையில் அவர்களுக்குச் சொல்லுங்கள்.