லிங்கர் வாயைத் திறக்கலை

நிரல் எழுதினது நண்பன். அதைக் கட்டிச் சேர்க்கிற வேலை என்னோடது. சி மொழியில் கணக்குப் போட்டு, வருகிற படத்தைப் பைத்தானின் டிகே ஜன்னலில் காட்டுகிற சின்ன மாட்யூல். அவனோட டெபியனில் ஜோரா ஓடுது. என் உபுண்டுவில் கம்பைல் ஆகுது, லிங்க் ஆகுது, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. இம்போர்ட் பண்ணினா மட்டும் 'அன்டிஃபைன்ட் சிம்பல்: டிகே_ஃபைன்ட்ஃபோட்டோ'.

லிங்க்தான் ஒழுங்கா முடிஞ்சுதே, அப்போ தப்பு உன் நிரல்லதான்னு ரெண்டு நாள் அவனைப் படுத்தி எடுத்தேன். பாவம், ரெண்டு ஃபங்ஷனை மாத்தி எழுதினான்.

மூணாவது நாள் அந்த .எஸ்ஓ ஃபைல் மேல எல்டிடி கமாண்டை ஓட்டினேன். பட்டியல்ல டிகே லைப்ரரியே இல்லை! கொடுத்தேனே? கொடுத்தேன்தான், கொடுத்த இடம் தப்பு. எல்டிஃப்ளாக்ஸில் போட்டிருந்தேன். அது லிங்கர் கட்டளையில் ஆப்ஜெக்ட் ஃபைலுக்கு முன்னாடி போய் உட்காரும். லிங்கர் இடமிருந்து வலமாப் படிக்கும். டிகே வரும்போது அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. உபுண்டுவில் 2011 முதல் 'ஆஸ் நீடட்' தானாகவே அமலில் இருக்கு. யாரும் கேட்காத லைப்ரரியைக் கழற்றி விட்டுடும். டெபியனில் அது தானா வராது. அதனாலதான் அவன்கிட்ட ஓடிச்சு.

சரி, லிங்கர் ஏன் வாயைத் திறக்கலை? பைத்தான் மாட்யூல் எல்லாமே ஓட்டையோடதான் பிறக்குது. பைஆர்க்_பார்ஸ்டியூப்பிள் மாதிரி ஃபங்ஷன்களை, லோடு ஆகும்போது பைத்தானே கொடுக்கும். அதனால இல்லாத சிம்பலைப் பார்த்தா லிங்கர் 'அப்புறம் யாராவது கொடுப்பாங்க'ன்னு விட்டுடும். எது பைத்தான் தரப்போறது, எது நான் கோட்டை விட்டதுன்னு அதுக்குத் தெரியாது.

தீர்வு ஒரே வரி. செட்டப்.பை ஃபைலில், எக்ஸ்டென்ஷனோட 'லைப்ரரிஸ்' பகுதியில் டிகே8.6, டிசிஎல்8.6. அங்கே கொடுத்தா ஆப்ஜெக்ட் ஃபைலுக்குப் பின்னாடி வரும். படம் வந்துடுச்சு.

ஃபோன் போட்டு, "டேய், தப்பு என்னோடது"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்போ அந்த ரெண்டு ஃபங்ஷனையும் பழையபடியே வச்சுக்கலாமா?"ன்னு மட்டும் கேட்டான். நாலு திட்டு திட்டியிருந்தா தேவலை.

எர்ரர் வரலைன்னா எல்லாம் சரின்னு அர்த்தமில்லை மக்களே. நண்பனைத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை எல்டிடி ஓட்டிப் பாருங்க.