பல்லில் பறி, கையில் இறால்

சேற்றுக்குள் பதுங்கியிருக்கும் இறாலின் மேல் விரல் பட்டால் அது முன்னால் ஓடாது. வாலை மடக்கி அடித்துப் பின்பக்கமாகத் துள்ளும். ஆகவே ஒரு கை தடவிக்கொண்டு வரும்போதே மறு கை அதன் வால்பக்கம் போய்க் காத்திருக்க வேண்டும். பட்ட நொடியில் இரண்டும் மூடிவிட வேண்டும். கண்ணுக்கு இதில் வேலையே இல்லை. கலங்கிய தண்ணீருக்கடியில் நடப்பதெல்லாம் விரலுக்கும் இறாலுக்கும் இடையில்தான். பழவேற்காடு ஏரியில் இருளர் பழங்குடிப் பெண்களோடு இறங்கியபோது எனக்குக் கிடைத்த முதல் பாடம் இது.

நான் அங்கே போனதற்குக் காரணம் கடல்கன்னிகள். மீன்வால் அணிந்து நீந்துவதை இன்று உலகெங்கும் பலர் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில், வீக்கி வாச்சி என்னும் ஊற்றில், 1947இல் நியூட்டன் பெர்ரி என்பவர் பெண்களுக்குக் காற்றுக்குழாய் வழியே மூச்சுவிடக் கற்றுத்தந்து தண்ணீருக்கடியில் காட்சிகள் நடத்தத் தொடங்கினார். அந்தக் கடல்கன்னிக் காட்சி இன்றும் நடக்கிறது. நீர்மூழ்குப் பயிற்சிக்குச் சான்றிதழ் வழங்கும் பாடி நிறுவனம் 2020இல் கடல்கன்னி நீச்சலுக்கென்றே ஒரு பாடத்திட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுத் திருவிழாக்களில் கடல்கன்னிகளுக்குப் பக்கத்திலேயே கடற்கொள்ளையர் வேடம் கட்டியவர்களும் நிற்பார்கள். பழைய காலத்து மேலங்கி, தொப்பி, வாளுறை என்று ஒவ்வொன்றையும் தாங்களே தைத்துப் போட்டுக்கொள்வதில் அவர்களுக்குப் பெருமை. நம்மூர்ப் பொருட்காட்சிகளிலும் கண்ணாடித் தொட்டிக்குள் வாலோடு நீந்தும் பெண்களைப் பார்க்க வரிசை நிற்கிறது. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கும் குழந்தைகளின் வியப்பை நான் மதிக்கிறேன். அதே வியப்போடு நாம் பார்க்க வேண்டிய பெண்கள் சென்னையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பொன்னேரி தாண்டிக் கிழக்கே போகும் சாலை ஏரிக்கரையில் முடிகிறது. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்கோடி மட்டும் நம்முடையது. ஆரணியாறு இதில் வந்து கலக்கிறது, பக்கிங்காம் கால்வாய் ஊடே போகிறது, ஸ்ரீஹரிகோட்டா தீவு வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்டு படுத்திருக்கிறது. இவ்வளவு பரந்த நீர், ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒரு ஆள் எழுந்து நிற்கலாம். கையால் இறால் பிடிக்கும் தொழில் இங்கே பிழைத்திருப்பதற்கு அந்த ஆழமின்மையே காரணம்.

கொள்ளையர் கதைக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இருந்த இடத்தில் இன்று புதர்தான். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. அதன் வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. மண்டையோடு, மணற்கடிகை என்று அங்குள்ள சின்னங்களைப் பார்த்தால் யாருக்கும் கொள்ளைக் கப்பலின் கொடி நினைவுக்கு வரும். அவை சாவை நினைவூட்டுவதற்காக அந்தக் காலத்து ஐரோப்பியர் கல்லறையில் வைத்துக்கொண்டவை. ஆனால் இந்தக் கரையில் நடந்த பெரிய கொள்ளைக்குக் கொடியும் வேடமும் தேவைப்படவில்லை. 17ஆம் நூற்றாண்டில், பஞ்ச காலங்களில், சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை டச்சுக் கம்பெனி விலைக்கு வாங்கிப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியது. பழவேற்காடு அந்த வணிகத்தின் முக்கியத் துறைமுகம். கணக்கேடு எழுதி, முத்திரை வைத்து நடந்தது. வரலாற்றை வேடம் கட்டி நடித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் இந்த வாசலில் நின்று அந்த மனிதர்களையும் நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இனி ஏரிக்குள் போவோம்.

காலையில் நீர் வற்றத் தொடங்கும் நேரம் பார்த்துப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். பழைய சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டி, அதன்மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். தலையில் துண்டு. வெயிலுக்கும் உப்புக்கும் சிப்பிக் கீறலுக்கும் இந்தச் சட்டைதான் காப்பு. கையில் பனையோலையில் முடைந்த பறி. வாய் குறுகி, வயிறு அகன்றிருக்கும். உள்ளே போன இறால் துள்ளி வெளியே வராது. ஓலைப் பறி முடைவோர் குறைந்துவிட்டதால் சிலர் பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தை அறுத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

இடுப்பளவு தண்ணீர் வந்ததும் எல்லாரும் குந்திவிட்டார்கள். தாடை வரை நீர். பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டார்கள். இரண்டு கையும் சேற்றில் வேலை செய்ய வேண்டும், பறியும் முகத்துக்கு நேரே இருக்க வேண்டும், பிடித்த இறாலை ஒரே வீச்சில் உள்ளே போட வேண்டும். இவை மூன்றுக்கும் பல்லைத் தவிர வேறு வழி இல்லை. அப்படியே முட்டியாலும் பாதத்தாலும் சேற்றை உந்தி மெல்ல நகர்ந்தார்கள். கரையிலிருந்து பார்த்தால் வரிசையாகத் தலைகள் மட்டும் தெரியும். எழுபதைத் தொட்டிருக்கக்கூடிய ஒரு ஆயா எனக்குப் பக்கத்தில் வந்தார். பல்லில் கயிறு இருந்ததால் கண்ணாலேயே என் கையை அடியில் கொண்டுபோகச் சொன்னார். பிறகு கயிற்றை எடுத்துவிட்டுப் பேசினார்.

“மண்ணு வழவழன்னு கீதே, அங்க இருக்காது கண்ணு. கொழகொழன்னு சூடா ஒரு எடம் வரும் பாரு, அங்க தடவு.”

அந்த வேறுபாட்டை அவர் விரல் எப்படி அறிகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பழைய கால்தடத்தின் குழியில் இறால் ஒண்டும். பாசி படிந்த இடத்தில் நண்டு இருக்கும், கையை விரித்து வைக்கக்கூடாது. சிப்பிப் படுகை வந்தால் உள்ளங்கையை மேலாக ஓட்ட வேண்டும், அழுத்தினால் கிழிக்கும். கெளிறு முள் ஏற்றினால் கரைக்குப் போய், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான், அன்றைய பாடு அவ்வளவே. இவற்றை எங்கும் யாரும் எழுதி வைக்கவில்லை. அம்மாவின் பின்னால் குந்திப் போன பெண்களின் கைகளில்தான் இருக்கின்றன. நெசவையும் சிற்பத்தையும் கைவினை என்கிறோம். இதையும் அப்படிச் சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

இடைவேளையில், கரையோர நிழலில், ஆயாவிடம் கைபேசியில் ஒரு கடல்கன்னி நீச்சல் படத்தைக் காட்டினேன். சிலிக்கோன் வால் நீருக்கு வெளியே 15 கிலோவுக்கு மேல்கூடக் கனக்கும் என்றும், இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே நுழைத்து இடுப்பிலிருந்து அலைபோல் உந்துகிறார்கள் என்றும் சொன்னேன். மற்றவர்களும் குனிந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஆயா கூர்ந்து பார்த்துவிட்டு, “கால ரெண்டையும் சேத்துக் கட்டினா ஆழத்துல நல்லாப் போலாம். நம்ம ஏரியில சேத்த ஒதச்சித் தள்ளணுமே, ஆவாது” என்றார். கொஞ்சம் கழித்து, “பக்கத்துல ஆள் இருக்குதா பாரு. இருக்கணும்” என்றார். படத்தின் ஓரத்தில் துணைக்கு ஒருவர் நீந்திக்கொண்டிருந்தார்.

அவர் சரியான இடத்தைத் தொட்டார். கடல்கன்னிப் பயிற்சியின் அடிப்படை விதியே தனியாக நீரில் இறங்காதே என்பதுதான். மூச்சடக்கி மூழ்குபவர் நினைவிழந்தால் அருகிலிருப்பவர்தான் உயிர். இங்கேயும் எந்தப் பெண்ணும் தனியே போவதில்லை. சிறிது நேரத்துக்கொரு முறை யாராவது ஒருவர் ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், பதில் வரும். பல்லில் கயிறு இருப்பதால் அது பேச்சாக வராது, ஒரு முனகலாக வரும். போதும். இந்த ஏரி ஆளை விழுங்கியிருக்கிறது: 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டம் எப்போது திரும்பும் என்பதை இந்தப் பெண்கள் உடம்பால் அறிவார்கள், அங்கே போவதும் இல்லை.

போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய வளமான இடங்கள் பாடு முறையில் வருபவை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் சமூக மீனவ ஊர்கள் சீட்டுக் குலுக்கி, முறைவைத்து, சுத்துவலை கட்டும் ஏற்பாடு அது. யார் எந்த நாளில் எங்கே வலை வைப்பது என்ற சண்டையைத் தலைமுறைகளாகத் தவிர்த்துவந்த அருமையான ஒழுங்கு. ஆனால் அந்தச் சீட்டில் இருளர் பேர் இல்லை, பெண்கள் பேரும் இல்லை. வலை போடாத, படகு போகாத ஓரங்கள்தான் இவர்களுக்கு மிஞ்சியவை. அந்த ஓரங்களைக் கையால் படித்துப் பிழைக்கும் வழியை இவர்கள் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

அந்த ஓரங்கள்தான் முதலில் கெடுகின்றன. இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த சேற்றில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகின்றன. மணல் மேடிட்டு வாய் அடைத்தால் வரத்து நின்றுபோகும். அதை நிலையாகத் திறந்து வைக்க அரசு கல்சுவர்கள் எழுப்பும் பணியை எடுத்தது. அதை எல்லா மீனவரும் நெடுங்காலம் கேட்டுவந்தார்கள். தெற்கே எண்ணூர்ப் பக்கம் நிலைமை வேறு. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து, அங்கே இதே தொழில் செய்யும் இருளர் பெண்களின் கையில் இப்போது இறாலைவிடச் சாம்பல்சேறுதான் அதிகம் வருகிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு ஊர்கள் எதிர்ப்பதற்குத் தங்கள் ஏரிக்கும் இதே கதி வருமோ என்ற அச்சமும் ஒரு காரணம். சேறு மாறிவிட்டால் எழுபது வயது விரலின் அறிவு முழுவதும் ஒரே நாளில் பயனற்றுப் போகும். இதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கடலில் வாழும் ஒரு பெண் இருளருக்கும் உண்டு. கன்னியம்மா. கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட அவளைச் சமாதானப்படுத்தி அழைத்துவர ஒவ்வொரு மாசிப் பௌர்ணமிக்கும் பல மாவட்டத்து இருளர்கள் மாமல்லபுரக் கடற்கரையில் கூடுகிறார்கள். மணலில் படி கட்டிப் பூவும் பழமும் வைக்கிறார்கள். விடியலில் அங்கேயே கல்யாணங்களும் நடக்கும். ஆயா சின்ன வயதிலிருந்து போய்வருகிறாராம். “அவ தண்ணியிலதான கீறா, நாங்களும் தண்ணியிலதான் கீறோம்” என்றார்.

தென்கொரியாவின் ஜெஜு தீவில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுக்கும் ஹென்யோ பெண்களை எண்ணிப் பார்க்கிறேன். அவர்களுடைய பண்பாடு 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அவர்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. மருத்துவ உதவியை மாகாண அரசு தருகிறது. எந்தக் கடல்பகுதி எந்த ஊர்ப் பெண்களுக்கு என்பதற்கு அமைப்பும் உரிமையும் உண்டு. நம்மூரில் பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களுக்காகப் பேசிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. அதனால் அந்தத் தொழிலின் பேராவது வெளியே தெரிந்தது. பழவேற்காட்டில் நான் பேசிய பெண்களில் ஒருவரிடமும் மீனவர் என்று சொல்லும் அட்டை இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்கால உதவித்தொகையாகக் கடல்மீனவர் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் கிடைக்கிறது. இவர்களுக்கு அதில் பங்கில்லை. “வலை இல்ல, படகு இல்ல, அப்புறம் எப்பிடி மீனவர்னு கேக்குறாங்க” என்றார் நடுவயதுப் பெண் ஒருவர். கையை விரித்துக் காட்டினார். விரல்நுனிகளில் கீறலின் மேல் கீறல்.

மீன்வளத் துறையின் பதிவேட்டில் கருவி என்ற இடத்தில் ‘கை’ என்று எழுத ஒரு கட்டம் வேண்டும். அந்தப் பதிவு பெண்ணின் பேரிலேயே இருக்க வேண்டும், புருஷன் பேரில் அல்ல. ஏரியோரச் சேற்றுப் பகுதிகளை இவர்களுடைய தொழிலிடமாக வரைபடத்தில் குறிக்க வேண்டும். அப்போதுதான் நாளை அங்கே எதையாவது கொட்டவோ கட்டவோ வருபவர்கள் இவர்களிடம் கேட்டாக வேண்டியிருக்கும்.

வெயில் ஏறியதும் கரையில் வியாபாரி தராசோடு வந்தார். இறாலைச் சிறிது, பெரிது என்று பிரித்துக் கொட்டினார்கள். விலையை அவர்தான் சொன்னார். ஆயா ஒத்துக்கொள்ளவில்லை, பெரிய இறாலில் ஒரு பங்கைத் திரும்பவும் பறிக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு, சந்தையில் தானே விற்றுக்கொள்வதாகச் சொல்லிப் பேருந்து நிற்கும் பக்கம் நடந்தார்.