பேனாவுக்கு ஒரு மெமோ

ஃபேஸ்புக் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறு வருடங்களுக்கு முன்பே இந்தியாவில் ஓர் அரசு ஊழியர், சொந்த நேரத்தில் எழுதியதற்காக மேலதிகாரியின் முன் கைகட்டி நிற்க நேர்ந்தது. அவர் பள்ளிகளை ஆய்வு செய்யும் கல்வித் துறை அதிகாரி. 1908இல் ‘நவாப் ராய்’ என்ற புனைபெயரில் ‘சோஸ்-ஏ-வதன்’ என்ற உருதுச் சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டிருந்தார். ஹமீர்பூர் மாவட்டத்தில் பணியாற்றும்போது கலெக்டரிடமிருந்து அழைப்பு வந்தது. இரவோடு இரவாக மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்தார். கலெக்டரின் மேஜையில் அந்தப் புத்தகம்.

ஒவ்வொரு கதைக்கும் அர்த்தம் சொல்லச் சொன்னார் கலெக்டர். அத்தனையும் ராஜத் துரோகம் என்றார். முகலாயர் ஆட்சியாக இருந்திருந்தால் இரண்டு கைகளும் போயிருக்கும் என்று எச்சரித்ததாகப் பின்னாளில் அந்த ஊழியரே எழுதியிருக்கிறார். விற்காமலிருந்த பிரதிகள் ஒப்படைக்கப்பட்டு எரிக்கப்பட்டன. இனி எதை எழுதினாலும் முன் அனுமதி தேவை என்று உத்தரவானது. வேலையை விட முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை. பெயரை மாற்றிக்கொண்டார். நண்பரும் பத்திரிகை ஆசிரியருமான தயா நாராயண் நிகம் யோசனை சொல்ல, நவாப் ராய் மறைந்து பிரேம்சந்த் பிறந்தார். 1921இல் கோரக்பூரில் காந்தியின் பேச்சைக் கேட்டபின்தான் அரசு வேலைக்கே முழுக்குப் போட்டார்.

கலெக்டர்கள் மாறிவிட்டார்கள், ஆட்சியும் மாறிவிட்டது. மெமோ மட்டும் மாறவில்லை. பேனா இருந்த இடத்தில் செல்போன் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2016 மே மாதம் மத்தியப் பிரதேசத்தின் பர்வானி மாவட்ட கலெக்டர், நேருவைப் புகழ்ந்து ஃபேஸ்புக்கில் எழுதினார். நேரு செய்த ‘தவறுகள்’ என்ன என்று கேலியாகப் பட்டியல் போட்டிருந்தார். சில நாட்களில் கலெக்டர் பதவி போய், போபால் தலைமைச் செயலகத்தில் நாற்காலி கிடைத்தது. மத்திய அரசு ஊழியருக்கானாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கானாலும் நடத்தை விதிகள் தடுப்பது அரசின் நடப்பு அல்லது அண்மைக் காலக் கொள்கையை விமர்சிப்பதைத்தான். 1964இல் மறைந்த பிரதமரைப் பாராட்டுவது எந்த நடப்புக் கொள்கைக்கு எதிரானது என்று யாரும் விளக்கம் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஏனென்றால் இடமாற்றம் என்பது விதிப்படி தண்டனையே அல்ல. பெட்டி படுக்கையைக் கட்டும் குடும்பத்துக்குத்தான் அது தண்டனை.

2018 ஜூலையில் காஷ்மீர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷா ஃபைசலுக்கு நோட்டீஸ் வந்தபோது அவர் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தார். பாலியல் வன்முறை பெருகுவதைப் பற்றி அவர் ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காக, நேர்மையையும் நாணயத்தையும் கடைப்பிடிக்கத் தவறியதாகக் குற்றச்சாட்டு. மேலதிகாரியிடமிருந்து காதல் கடிதம் வந்திருக்கிறது என்று சொல்லி, அந்த நோட்டீஸையும் ட்விட்டரில் போட்டார் அவர். லஞ்சம் வாங்கியவர் மீது சுமத்தும் அதே சொற்கள் ஒரு கோபமான வரிக்கும் போதுமானதாக இருப்பதுதான் இந்த விதிகளின் விசித்திரம். ‘அரசு ஊழியருக்குத் தகாத நடத்தை’ என்ற தொடர் ரப்பரைப் போன்றது. இழுக்கிறவரின் கை வலுவைப் பொறுத்து அது நீளும்.

பிரபலமானவர்களுக்காவது செய்தித்தாள்கள் இருக்கின்றன. திரிபுராவில் மீன்வளத் துறையில் குமாஸ்தாவாக இருந்த பெண்மணிக்கு அதுவும் இல்லை. 2018 ஏப்ரல் கடைசியில் அவர் ஓய்வு பெற வேண்டும். அதற்குச் சில நாட்கள் முன்பு சஸ்பெண்ட். அரசியல் கூட்டத்துக்குப் போனார், ஃபேஸ்புக்கில் ஒரு கட்சிக்கு எதிராக எழுதினார் என்பவை குற்றச்சாட்டுகள். வாழ்நாளெல்லாம் கோப்புகளைச் சுமந்தவருக்கு வழியனுப்பு விழா நடக்க வேண்டிய வாரத்தில் கைக்கு வந்தது அந்த உத்தரவு. ஓய்வூதியப் பலன்கள் முடங்கின. நடுத்தரக் குடும்பத்தில் இந்தப் பணத்துக்கு முன்கூட்டியே கணக்கு எழுதி வைத்திருப்பார்கள்: வீட்டுக் கடன், மகள் கல்யாணம், கண் ஆபரேஷன்.

அவர் உயர் நீதிமன்றம் போனார். 2020 ஜனவரியில் தலைமை நீதிபதி அகில் குரேஷி தீர்ப்பளித்தார். கூட்டத்துக்குப் போய் நிற்பது வேறு, அதில் பங்கெடுப்பது வேறு. ஃபேஸ்புக்கில் இருந்தது பிரசாரம் அல்ல, பொதுவான நம்பிக்கைகள்தான். அரசு ஊழியர் என்பதால் பேச்சுரிமை பறிபோய்விடாது. விதி வகுத்த எல்லையைத் தாண்டாதவரை தன் நம்பிக்கையை அவர் சொல்லலாம். சஸ்பெண்ட் உத்தரவு ரத்தானது. அரசு ஊழியரானாலும் அடிப்படை உரிமைகள் உண்டு என்று காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இலேயே சொல்லியிருந்தது. அந்தச் செய்தி அகர்தலாவின் அலுவலகங்களுக்குப் போய்ச் சேர 58 வருடங்கள் ஆகியிருக்கின்றன!

அலுவலகத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு சமூகத்தையே இழித்து எழுதும் போலீஸ் அதிகாரியிடம் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் எந்த நம்பிக்கையில் புகார் கொடுப்பார்? அரசு ரகசியத்தையோ நோயாளியின் விவரத்தையோ வெளியிடுகிறவரை யாரும் ஆதரிக்க முடியாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எழுதியதால் அவர் செய்யும் வேலை கெட்டதா, அல்லது மேலே இருப்பவரின் மனம் நொந்ததா? முதலாவதற்கு விசாரணை நடத்தலாம். இரண்டாவதற்கு மெமோ தேவையில்லை.

இந்த வித்தியாசத்தை அலுவலகங்கள் பார்ப்பதில்லை. அதனால் ஊழியர்கள் தாங்களே தணிக்கை அதிகாரிகளாகிவிடுகிறார்கள். ராத்திரி சாப்பாடு முடிந்தபின் நாலு வரி அடிக்கிறார்கள். ரேஷன் கடைக் கியூவைப் பற்றியோ, பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றியோ. பதவி உயர்வுப் பட்டியல் ஞாபகம் வருகிறது. அழித்துவிட்டுக் காலை வணக்கமும் பூங்கொத்துப் படமும் போடுகிறார்கள். நிர்வாகத்தின் ஓட்டை உடைசலை உள்ளிருந்து பார்ப்பவர்கள் இவர்கள்தான். இவர்கள் வாயை மூடிக்கொண்டால் நஷ்டம் இவர்களுக்கு மட்டுமல்ல, அந்தக் கியூவில் நிற்பவர்களுக்கும்தான்.