உடைய வேண்டிய போல்ட்

போன தை மாதம் ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் போன். கோபியிலிருந்து என் மச்சான் மகன்.

"மாமா, உங்களுக்குப் பிரெஞ்சு இன்னும் ஞாபகம் இருக்குதுங்களா?"

கோவைக்கு வந்த இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி!

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் என் அப்பாவுக்கு அந்தப் படிப்பின்மேல் இருந்த நம்பிக்கை போகவில்லை. அரசு வேலைக்காக ஆங்கிலமும் டைப்பிங்கும் பிறகு தனியாகக் கற்றுக்கொண்டேன். குமாஸ்தாவாக இருந்த சர்வீஸ் முழுக்க எந்த ஃபைலிலும் ஒரு பிரெஞ்சு வார்த்தைக்கு வேலை வந்ததில்லை.

விஷயம் இதுதான். அவன் கடன் வாங்கி, பழைய பேலர் ஒன்று வாங்கியிருந்தான். வைக்கோலை உருட்டிச் சணல் கயிறு சுற்றி வெளியே தள்ளும் மிஷின். ஐரோப்பாவில் செய்தது. அதற்குப் பார்ட்ஸ் இங்கே கிடையாது. கூடவே வந்த புத்தகத்தில் இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு மட்டும்தான்.

கொடிவேரி அணையின் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் அப்போது அறுவடை நேரம். அறுவடை மிஷின் ஓடிய வயலில் வைக்கோல் நீளநீளமாகக் கிடக்கும். கையால் அள்ளிக் கட்ட ஆள் இல்லை. பேலர் வராவிட்டால் சிலர் உழுதுவிடுவார்கள், சிலர் கொளுத்திவிடுவார்கள். மாட்டுக்குப் போக வேண்டிய தீனி. இவனுக்கோ கடன் தவணை.

மறுநாளே உடைந்த சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். கணபதியில் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனோம். 1930களில் பைகாரா மின்சாரம் வந்ததிலிருந்து மில்லுக்கும் பம்ப் செட்டுக்கும் சாமான் கடைந்தே பழகிய ஊர் இது. பட்டறைக்காரர் பதறவில்லை.

பேரிங்கில் நம்பர் அழிந்திருந்தது. வெர்னியரில் அளந்தார். உள்ளே 30 மில்லிமீட்டர், வெளியே 62, அகலம் 16. "6206 ங்க. எந்தக் கடையிலயும் கிடைக்கும்" என்றார். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள்துளை அளவு வந்துவிடும் என்று சொல்லியும் கொடுத்தார். பேரிங் எண் உலகம் முழுக்க ஒன்றுதானாம்.

செயின் பிட்ச் புத்தகத்தில் "19,05" என்று இருந்தது. மருமகன் அதை ஏதோ பார்ட் நம்பர் என்று நினைத்து கடைகடையாகக் கேட்டு அலைந்திருக்கிறான். பிரெஞ்சுக்காரர்கள் புள்ளி வைக்கும் இடத்தில் காற்புள்ளி வைப்பார்கள். அது 19.05 மில்லிமீட்டர். "முக்கா இஞ்சு, ஆறு நூலு!" என்று பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். அதே பிட்சில் ஸ்ப்ராக்கெட் ரெடிமேடாக வாங்கி, ஷாஃப்ட்டுக்குத் தக்கபடி துளையைக் கடைந்து, சாவிக்காடி வெட்டினார்.

ஆனால் பழைய ஸ்ப்ராக்கெட்டில் மூன்று பல் ஏன் போயிற்று? அதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். டிராக்டரிலிருந்து சக்தி வரும் இடத்தில் ஒரு போல்ட்டுக்கு அம்புக்குறி போட்டு "புலோன் த செக்யூரிதே" என்றிருந்தது. பாதுகாப்பு போல்ட். தரம் 8.8 மட்டுமே, அதைவிட உறுதியானதைப் போடக் கூடாது என்று கீழே கட்டம் கட்டியிருந்தது.

சாக்கில் தேடினோம். அந்த இடத்தில் இருந்தது ஆலன் போல்ட். தலையில் 12.9.

"வாரம் ஒண்ணு ஒடையுதுன்னு டிரைவர் நல்ல போல்ட்டாப் போட்டானுங்க மாமா" என்றான் மருமகன்.

பட்டறைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ப்யூஸ் போன எடத்துல கம்பியக் கட்டி வெச்சிருக்கீங்க தம்பி" என்றார்.

அவ்வளவுதான் கதை. ஈர வைக்கோல் அடைத்துக்கொண்டால் அந்தச் சின்ன போல்ட் உடைந்து மிஷினைக் காப்பாற்ற வேண்டும். அது ஒன்றரை மடங்கு பலமாகிவிட்டதால், அதற்குப் பதில் ஸ்ப்ராக்கெட் பல்லும் செயினும் பேரிங்கும் உடைந்தன. ஊரில் பார்ட்ஸ் இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தோம். கையில் எது கிடைத்ததோ அதை மாட்டியதுதான் உண்மையில் வினை. மாற்றுச் சாமான் தேடும்போது அளவு பொருந்தினால் போதாது. அது அங்கே என்ன வேலைக்கு இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

நான்காம் நாள் மறுபடி போன். "மாமா, போல்ட் ஒடஞ்சு போச்சுங்க!" குரலில் அத்தனை சந்தோஷம். அடைப்பை எடுத்துவிட்டு, புது போல்ட் போட்டு, பத்து நிமிஷத்தில் மிஷின் ஓடிவிட்டதாம்.

இப்போது அந்த டூல்ஸ் பெட்டி மூடியில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "8.8 மட்டும்." அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன், அந்தப் படிப்பு கடைசியில் ஒரு நாள் சோறு போட்டது என்று.