திரும்புவதற்கு ஒரு பட்டன்

‘மார்ட்டல் காம்பட்’ என்ற சண்டை வீடியோ விளையாட்டுத் தொடரின் கிளையான ‘மார்ட்டல் காம்பட் மிதாலஜீஸ்: சப்-ஜீரோ’ 1997இல் பிளேஸ்டேஷனுக்கும் நின்டெண்டோ 64க்கும் வந்தது. அதில் நாயகன் சப்-ஜீரோ பின்னால் திரும்ப வேண்டுமானால் அதற்கென்று இருக்கும் தனி பட்டனை அழுத்த வேண்டும். இடப்பக்கம் அழுத்தினால் அவன் இடப்பக்கம் திரும்புவதில்லை. வலப்பக்கம் பார்த்தபடியே பின்னடி வைத்து நகர்கிறான். முதுகுப்புறம் எதிரி வந்து உதைத்துக்கொண்டிருப்பான். ஆடுகிறவர் பட்டனைத் தேடிக்கொண்டிருப்பார். இந்த விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் திட்டுவது இதைத்தான். திட்டு நியாயமானது. ஆனால் அந்தப் பட்டன் கவனக்குறைவில் முளைத்தது என்று நான் நினைக்கவில்லை. சண்டை விளையாட்டு என்ற வடிவம் எதன்மேல் நிற்கிறதோ, அதைக் காட்டிக்கொடுக்கும் தடயம் அது.

சண்டை விளையாட்டில் இடமும் வலமும் கிடையாது; எதிரியை நோக்கி, எதிரியை விட்டு என்ற இரண்டு திசைகள்தான் உண்டு. ஒருவன் மற்றவனைத் தாண்டிக் குதித்தால் இருவரும் தாமாகவே திரும்பிக்கொள்வார்கள். தமிழ் இலக்கணத்திலும் இப்படி ஒன்று உண்டு: தொல்காப்பியம் வருதலையும் தருதலையும் தன்மை, முன்னிலைக்கு உரியவை என்றும், செல்லுதலையும் கொடுத்தலையும் படர்க்கைக்கு உரியவை என்றும் பிரிக்கிறது. ஒரு வினையின் திசையைப் பேச்சில் யார் எங்கே இருக்கிறார் என்பதே தீர்மானிக்கிறது. முன்னிலை என்ற சொல்லிலேயே முன்னால் நிற்பவர் இருக்கிறார். சண்டை விளையாட்டு முழுக்க முழுக்கத் தன்மைக்கும் முன்னிலைக்கும் நடக்கும் உரையாடல். சப்-ஜீரோ பனியை வீசக் கீழே, முன்னே, குத்து என்று அழுத்துகிறோம். அந்த ‘முன்னே’ எதிராளி நிற்கும் பக்கம். சப்-ஜீரோ தரையில் வழுக்கிச் சென்று காலை வாரும் அடி, மூல ஆட்டத்தில் ‘பின்னே’ என்ற அழுத்தத்தோடு சேர்ந்தது. பின்னே அழுத்தினால் அவன் திரும்பிவிடுவான் என்று வைத்தால் அந்த அடியே இல்லாமல் போகும். முன்னிலையை எடுத்துவிட்டு நீண்ட பாதையில் ஒருவனைத் தனியே நடக்கவிட்டபோது, திசை என்ற சொல் பொருள் இழந்தது. அந்த ஓட்டையை அடைக்க வைத்த ஒட்டுத்தான் திரும்பும் பட்டன்.

பாதையில் நடந்தபடி கூட்டத்தோடு மோதும் ‘ஃபைனல் ஃபைட்’ இதை 1989லேயே தீர்த்துவிட்டதே, அதுவும் முதலில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ என்ற சண்டை விளையாட்டின் பெயரைத் தாங்கித்தானே அறிமுகமானது என்று கேட்கலாம். தீர்த்தது உண்மை. ஆனால் அதன் நாயகர்களுக்குத் திசைகளைக் கோத்துப் பிறக்கும் வித்தைகளின் நீண்ட பட்டியல் இல்லை. இழப்பதற்கு அதிகம் இல்லாததால் எளிதாகத் திரும்ப முடிந்தது. ‘மிதாலஜீஸ்’ தன் தாய் ஆட்டத்தின் மொழியை விட மறுத்தது. பிடிவாதம்தான், ஆனாலும் அதில் ஒரு விசுவாசம் இருக்கிறது.

தாவலிலும் இதே சிக்கல். சண்டை விளையாட்டில் தாவிய பிறகு மனதை மாற்றிக்கொள்ள முடியாது. எங்கே இறங்குவான் என்பது கிளம்பும்போதே முடிவாகிவிடும். அப்படி இருந்தால்தான் எதிராளி அதைக் கணித்துத் தண்டிக்க முடியும். எதிரே ஆளில்லாமல் பள்ளம் மட்டும் இருக்கும்போது அதே தாவல் கொடுமையாகிறது. 1992இன் முதல் ‘மார்ட்டல் காம்பட்’டிலும் பாலமும் அடியில் முள்படுக்கையும் உண்டு. ஆனால் சண்டை முடிந்த பிறகே அங்கே ஆள் விழுவான்; அதுவரை தரையை நம்பலாம். ‘மிதாலஜீஸ்’ அந்த நம்பிக்கையைப் பறித்தது. காற்றுக் கோயில் என்ற கட்டத்தில் உயிரை வாங்குவது காவலர்களைவிடப் பள்ளங்கள்தான். கடினமான ஆட்டம் என்பதற்காக நான் இதைக் குறை சொல்லவில்லை. ஒரு வகைச் சண்டைக்காகச் செதுக்கிய உடலை வேறொரு வேலைக்கு அனுப்பிவிட்டு அதன் தடுமாற்றத்துக்கு அபராதம் விதிப்பதுதான் குறை.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த விளையாட்டின்மேல் எனக்குள்ள பற்று குறையவில்லை. காரணம் அது யாருடைய கதை என்பதில் இருக்கிறது. முதல் ஆட்டத்துக்கு வந்த சப்-ஜீரோ அதோடு இறந்துபோனான். இரண்டாம் ஆட்டத்தில் அதே பெயரோடு வந்தவன் அவன் தம்பி. தொடரின் மூலவர்களில் ஒருவரான ஜான் டோபயஸ், செத்துப்போன அண்ணனை எடுத்துக்கொண்டு அவனுடைய முந்தைய நாட்களுக்குப் போனார். லின் குவேய் என்னும் கொலைக் கூட்டத்தின் கூலியாளாக அவன் ஹன்ஸோ ஹசாஷியைக் கொல்கிறான். அந்த ஹசாஷிதான் ஸ்கார்பியனாக மீண்டு வந்து பின்னால் அவன் உயிரை எடுக்கப்போகிறவன். சண்டை விளையாட்டில் ஒருவனின் கதை, முடிவில் வரும் சில வரிகளில் அடங்கிவிடும். வித்தைகள் எல்லாம் முதல் நொடியிலேயே கையில் இருக்கும். இங்கே அவன் சண்டை போட்டு அனுபவப் புள்ளி சேர்த்துத்தான் தன் பனியையே ஒவ்வொன்றாகக் கற்கிறான். சாவு எழுதப்பட்டுவிட்ட ஒருவன் மெல்ல மெல்ல வல்லவனாவதை நம் விரல்களாலேயே நடத்திவைக்கிறோம். நடிகர்களை வைத்து எடுத்த இடைக்காட்சிகள் மேடை நாடகம்போல் விறைப்பாக இருக்கின்றன. ஆனாலும் இந்தச் சோகத்தை அவை கெடுக்கவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2005இல் அதே தொடரில் வந்த ‘ஷாவோலின் மங்க்ஸ்’ திசைச் சிக்கலைத் தீர்த்தது. கட்டுப்பாட்டுக் குச்சியை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் அடி விழும். அதன் நாயகர்களான லியு காங்கும் குங் லாவும் கூட்டத்தின் நடுவே நின்று ஒருவனை உதைத்த வேகத்தில் அடுத்தவனுக்குத் திரும்புவார்கள். நண்பர் ஒருவரையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆடுவதற்கு எது நல்லது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். ஆனால் எல்லாப் பக்கமும் எதிரி என்றான பிறகு எவனும் முன்னிலை இல்லை. ஒற்றை எதிராளியின் கண்ணைப் பார்த்து அவன் அடுத்த அடியை ஊகிக்கும் அந்த அச்சம் கூட்டத்தில் கரைந்துவிடுகிறது.

பழைய ஆட்டமான ‘மிதாலஜீ’ஸின் கடைசிக் கட்டத்தை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நரக உலகில் இறுதி எதிரியான ஷின்னாக்கிடமிருந்து அவனுடைய மந்திரத் தாயத்தைப் பறித்ததும் அவன் பூதமாக வளர்ந்துவிடுகிறான். அவனைக் கொன்று தீர்ப்பது அங்கே வேலை இல்லை. வெளியேறும் வாசலுக்குள் ஓடித் தப்ப வேண்டும். சண்டை விளையாட்டில் புறமுதுகு என்ற ஒன்று கிடையாது. கால் பின்னால் போனாலும் முகம் எதிரியைவிட்டு அகலாது. ஆனால் இங்கே சப்-ஜீரோ ஆட்டத்தை முடிப்பது முதுகைக் காட்டித்தான்.