வாப்பாவின் கிரீஸ் கன்

பழைய மொரிஸ் மைனர் கார் ஒன்று வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது மனைவி சிரித்தாள். "பென்ஷன் எடுத்தவங்களுக்கு வெளயாட்டுச் சாமான் ஒன்டு வேணும்தானே" என்றாள். மகள்தான், "வாப்பா, அது பழுதாப் போனா யாரு பாக்கிற?" என்று கேட்டாள். முப்பத்துமூன்று வருடங்கள் கணிதம் படிப்பித்தவன் நான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அவசியம் இருப்பதாகவே எனக்குப் படவில்லை. பின்னர் அதே கேள்விதான் என்னை மாதக்கணக்கில் காருக்கு அடியில் படுக்க வைத்தது.

இந்த ஆசை வாப்பாவிடமிருந்து வந்தது. மாவனல்லை டவுனில் மைனர் கார் ஒன்றை வைத்து ஹயர் ஓடியே அவர் எங்கள் ஐந்து பேரையும் வளர்த்தார். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டு ஜப்பான் கார்கள் வரத் தொடங்கிய பிறகு மைனருக்கு ஹயர் குறைந்தது. மூத்த ராத்தாவின் கலியாணச் செலவோடு வாப்பா அதை விற்றுவிட்டார். கார் வீதி முனையில் திரும்பி மறையும் வரை அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்காலத்தில் மினி காரை உருவாக்கியவரும் அவர்தான். 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. உற்பத்தி தொடங்கும் தறுவாயில், கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று அவருக்குப் பட்டதாம். மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டச் செய்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் அகலம் கூட்டினார். மைனரின் பொனட் நடுவே ஓடும் அந்தப் பட்டி இப்படி வந்ததுதான். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்போது 16 இலட்சம் கார்கள் வரை செய்யப்பட்டிருந்தன.

நமது நாட்டில் 1960களிலும் 70களிலும் இருந்த இறக்குமதிக் கட்டுப்பாடு மைனருக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தது. புதிய கார் வராது, உதிரிப்பாகமும் இலேசில் கிடைக்காது. இருப்பதை லேத் பட்டறையில் கடைந்தும் ஒட்டியும் ஓட்டினார்கள். அந்தக் கைப்பழக்கம் எவ்வளவு வளர்ந்ததென்றால், 1990களில் தென்னிலங்கையில் மைனருக்கான தகடுகளைச் செய்து, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் சாதாரண ஜப்பான் கார்கூட எனக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. ஆசைக்கு அது நல்ல சாட்டாக அமைந்தது. 2021 நவம்பரில் தென்கரையோர ஊர் ஒன்றுக்குப் போய் ஒரு மைனரைப் பார்த்தேன். 1959ஆம் ஆண்டுக் கார், 948 சீ.சீ. எஞ்சின். இளம்பச்சைப் பெயின்ட் முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து வெளியே நீளும் சிக்னல் கைகூட வேலை செய்தது. பதிவுப் புத்தகத்திலிருந்த எஞ்சின் இலக்கத்தையும் செஸி இலக்கத்தையும் காரோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தன. கடதாசியைப் பார்த்ததோடு ஆசிரியரின் புத்தி நின்றுவிட்டது. பொனட்டில் கை வைத்தபோது, நான் வருமுன்பே எஞ்சின் சூடாகியிருந்தது தெரிந்தது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் மகளுக்குக் கண்டியில் பிள்ளை கிடைத்தது. தாயையும் பிள்ளையையும் என்னுடைய காரில்தான் கூட்டி வருவேன் என்று பிடிவாதமாக நின்றேன். மருமகன் வேன் பிடிக்கிறேன் என்றதையும் கேட்கவில்லை. கடுகண்ணாவை இறக்கத்தில் ஒரு பக்கம் கற்பாறை, மறுபக்கம் பள்ளம். வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கைத் திருப்பி இறங்கினேன். பின்னால் இருந்த மனைவி, "மெதுவாப் போங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் ஒழுங்கைக்குள் திருப்பும்போதுதான் அது நடந்தது. "டக்" என்று ஒரு சத்தம். காரின் முன்பக்கம் வலப்புறமாகச் சரிந்து தரையில் குந்திவிட்டது. இறங்கிப் பார்த்தால், வலது முன்சக்கரம் மட்காட்டுக்குக் கீழே மடிந்து கிடக்கிறது. நடந்து போகும் வேகத்தில் வந்தபடியால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மகள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அரை மணித்தியாலத்துக்கு முன்னர் நாங்கள் எங்கே இருந்தோம் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று மாலை பாஸ் நானாவைக் கூட்டி வந்தேன். வாப்பாவின் காரைப் பார்த்த கராஜில் அந்தக் காலத்தில் கோலயாவாக இருந்தவர் அவர். எழுபதைத் தாண்டிவிட்டார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கடியில் படுத்தவர், நெடுநேரம் எழும்பவில்லை. கடைசியில் கையளவு இரும்புத் துண்டு ஒன்றைக் கழற்றி என்னிடம் தந்தார்.

"சேர், நீங்க காரப் பாத்து எடுக்கல்ல. பெயின்டப் பாத்து எடுத்தீக்கிறீங்க."

அந்தத் துண்டுக்கு ட்ரனியன் என்று பெயர். மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் புரி வெட்டப்பட்டிருக்கும். அந்தப் புரியில் நட் போல ஏறி நிற்பதுதான் ட்ரனியன். ஸ்டியரிங் திருப்பும் ஒவ்வொரு முறையும் சக்கரம் அந்தப் புரியில்தான் சுழல்கிறது. ஏறக்குறைய 1,000 மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடித்தால் அது பல்லாண்டு நிற்கும். அடிக்காவிட்டால் தண்ணீரும் தூசியும் புகுந்து புரி தேயும். தேய்வது வெளியே தெரியாது. புரி முழுக்க அழிந்த நாளில் தண்டு ட்ரனியனிலிருந்து கழன்று, சக்கரம் மடிந்துவிடும். என் கையிலிருந்த துண்டுக்குள் புரி இருந்த இடம் குழாய் போல வழுவழுப்பாக இருந்தது.

"ஒங்கட வாப்பா மாசத்துக்கு ஒருக்கா ஒங்களத்தானே டோர்ச் புடிக்கச் சொல்லிட்டு கீழ படுப்பாரு. மறந்துபோச்சா?" என்றார் பாஸ் நானா.

மறந்துதான் போயிருந்தேன். வாப்பாவின் காரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது அதன் மினுக்கம்தான். ஜெக்கில் ஏற்றிய காரின் கீழே கிரீஸ் கன்னோடு அவர் படுத்திருந்த இரவுகள் நினைவில் இல்லை. பத்து வயதுப் பையனுக்கு அது அலுப்பான வேலை. நான் விட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "மகன், வெளிச்சத்த இங்கால புடி" என்று கீழேயிருந்து சத்தம் வரும். ஹயர் காரில் ஏறுபவர்கள் பிள்ளைத்தாய்ச்சிகளும் நோயாளிகளும். அவர் எதற்காக அப்படிப் படுத்தார் என்பது எனக்கு அறுபதைத் தாண்டிய பிறகுதான் விளங்கியது.

"திருத்தித் தாங்க" என்று நான் கேட்டேன். "திருத்தித் தரமாட்டேன். காட்டித் தாறேன், நீங்க செய்ங்க" என்றார் அவர்.

2022 பிறந்தது. பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்ட வருடம் அது. ஓட்ட முடியாத காரைக் கட்டைகளின் மேல் ஏற்றி வைத்தோம். மின்வெட்டுக் காலம் ஆகையால் பாடம் பெரும்பாலும் டோர்ச் வெளிச்சத்தில்தான் நடந்தது.

முதற்பாடம் காந்தம். மெல்லிய துணியில் சுற்றிய சிறிய காந்தத்தைக் கார் முழுவதும் ஓட்டச் சொன்னார். கதவுகளுக்குக் கீழும், முன் மட்காட்டின் கீழ்ப்பகுதியிலும் பல இடங்களில் அது ஒட்டவில்லை. அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருந்தது. இரண்டாம் பாடம் ஸ்க்ரூ டிரைவர். பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், தளத்துக்குக் குறுக்கே ஓடும் இரும்பு, ஜெக் வைக்கும் இடம் ஆகியவற்றைத் தட்டிக் குத்திப் பார்க்க வேண்டும். மைனருக்குத் தனி செஸி கிடையாது. உடலே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே இந்த இடங்களில் கறள் பிடித்தால் அழகு மட்டும் கெடுவதில்லை, காரின் பலமே போய்விடும். சாரதி ஆசனத்தின் கீழே குத்தியபோது ஸ்க்ரூ டிரைவர் பிடிவரை இறங்கியது. ஓட்டைக்கு மேல் பிஸ்கட் டின் தகடு வைத்துத் தார் பூசியிருந்தார்கள்.

மூன்றாம் பாடம் பிரேக். மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பொனட்டுக்குள் இல்லை. சாரதியின் கால் வைக்கும் தளத்துக்கு அடியில் இருக்கிறது. பாயைத் தூக்கி, மூடியைக் கழற்றித்தான் பிரேக் ஒயில் விட வேண்டும். கண்ணில் படாத இடம் என்பதால் மறக்கப்படும் இடமும் அதுதான். ஓரிடத்தில் கசிந்து ஒயில் முடிந்தால் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்துக் கால் பிரேக் போய்விடும். என் காரில் இரண்டு சக்கரங்களின் உட்புறம் ஈரமாக இருந்தது. இறப்பர் சீல்களை மாற்றி, காற்றை எடுத்து, பெடல் கல் மாதிரி நிற்கும் வரை மனைவியை மிதிக்கச் செய்தேன். "நானும் கராஜ் வேலைக்கு வந்தாச்சு" என்றாள் அவள்.

சில விடயங்கள் எனக்குச் சுலபமாக வந்தன. பிளட்டினம் பொயின்ட் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 15, வால்வு இடைவெளி ஆயிரத்தில் 12 என்றபோது கணித வாத்தியாருக்குக் குஷி பிறந்தது. சாவியைத் திருப்பியதும் கேட்கும் "டிக் டிக்" சத்தத்துக்கு ஆரம்பத்தில் பயந்திருக்கிறேன். அது பெற்றோல் பம்ப். காபரேட்டர் நிறைந்ததும் அடங்கிவிடும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் முடிந்திருக்க வேண்டும், அல்லது எங்கோ கசிய வேண்டும். இப்போது அந்தச் சத்தம் கேட்காவிட்டால்தான் பயம்.

சில விடயங்களில் நான் கடைசி வாங்குப் பிள்ளை. இன்றைய கார்களில் பெற்றரியின் மறை முனை உடலோடு சேரும். மைனரில் நேர் முனை சேரும். அதை மாற்றிக் கொழுவப் போய்க் கையில் அடி வாங்கினேன். கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு பஸ்ஸில் போய், கடை கடையாக ஏறி இறங்கி, பெருமையோடு ட்ரனியன் வாங்கி வந்தேன். பாஸ் நானா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். வலப்பக்கப் புரியும் இடப்பக்கப் புரியும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை. நான் வாங்கியது மற்றப் பக்கத்தினுடையது. "பரவாயில்ல சேர், அந்தப் பக்கத்துக்கும் வேணும்தானே" என்றார். இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டோம். கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்க வேண்டும், அப்போதுதான் பாரம் விலகிப் புரிக்குள் கிரீஸ் முழுக்க இறங்கும் என்பதையும் அவரிடமே கற்றேன்.

தகட்டு வேலைக்கு மட்டும் டிங்கரிங் பாஸ் ஒருவரைப் பிடித்தோம். செலவு, கார் வாங்கிய விலையில் மூன்றிலொன்றைத் தொட்டது. வாங்கும் அன்று அரை மணித்தியாலம் கீழே படுத்துப் பார்த்திருந்தால் மிஞ்சியிருக்கும் காசு அது.

2022 ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. கிடைத்த பெற்றோலில், பாஸ் நானாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடுகண்ணாவை ஏறி இறங்கினேன். கார் ஒரு சத்தமும் போடவில்லை. ஆனால் மகள் ஏற மறுத்தாள். நான் வற்புறுத்தவில்லை. அவளுடைய பயம் நியாயமானது. அதை உண்டாக்கியவன் நான். ஒவ்வொரு மாதமும் நான் காரை ஏற்றிக் கிரீஸ் அடிப்பதை அவள் ஜன்னலால் பார்த்தாள். ஏழெட்டு மாதம் கழிந்த பிறகு ஒரு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "வாப்பா, கீழ பாத்தீங்களா?" என்று கேட்டாள். "நேத்துப் பாத்தேன்" என்றேன். கதவைத் திறந்து ஏறினாள்.

பழைய கார் வாங்க நினைக்கும் சகோதரர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். ஒரு காந்தமும், ஒரு டோர்ச்சும், அழுக்காகலாம் என்ற உடுப்பும் கொண்டு போங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவதை வெட்கமாக நினைக்காதீர்கள். வாங்கிய பின் திருத்தும் வேலையைப் பிறரிடம் கொடுத்தாலும், பார்க்கும் வேலையை நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். அதில் ஏறப் போகிறவர்கள் உங்கள் பிள்ளைகள்.

இப்போது டோர்ச் பிடிப்பவன் பேரன். அவனுக்கு அந்த வேலையில் பெரிய விருப்பமில்லை. வெளிச்சம் கூரைக்கும் பூனைக்கும் போய் வருகிறது. கீழே படுத்தபடி நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: "மகன், வெளிச்சத்த இங்கால புடி."